டபிள்யூபிசி டெக் மழையில் வழுக்குது: பலகையை மாத்தணுமா, மேலே ஏதாவது பூசலாமா?

மேல்மலைவாசி

வணக்கம். கொடைக்கானல், அட்டுவம்பட்டி பக்கம் ஹோம்ஸ்டே. வீட்டுக்கு வடக்குப் பக்கம் 8 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலத்துக்கு டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) டெக் இருக்கு. அங்கிருந்து தோட்டத்துக்கு இறங்க 5 படி, ஒவ்வொன்னும் 1.2 மீட்டர் அகலம்.

பலகை 140 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். உள்ளே ஓட்டை விட்ட ஹாலோ வகை, மேலே நீளவாக்கில் கோடு கோடா பள்ளம். பிளாஸ்டிக் மேல்தோல் இல்லாத பழைய ரகம். சுவரிலிருந்து வெளி விளிம்பு பார்த்துப் போட்டிருக்கு, அதனால் கதவிலிருந்து படிக்குப் போறவங்க கோட்டோடவே நடக்கிறாங்க. பலகைக்கு நடுவில் 3 மி.மீ. சந்து. அடியில் கான்கிரீட் தளத்து மேல நேரா டபிள்யூபிசி சட்டம், 450 மி.மீ.க்கு ஒன்னு. வாட்டம் எதுவும் இல்லை.

ஐப்பசி பிறந்தா வழுக்க ஆரம்பிக்குது, தை வரைக்கும் அப்படித்தான். விழுறது முக்கால்வாசி படியில்தான். உப்புத்தாள் மாதிரி இருக்கிற ஒட்டுப்பட்டை ஒட்டிப் பார்த்தாச்சு, ஒரு மழைக்காலம்கூடத் தாங்கலை. பலகை கொடுத்தவர் "ஆர்11 சார், வழுக்கவே வழுக்காது"ங்கிறார். மணல் கலந்த பெயின்ட் அடிச்சா நிக்குமா? இல்லை மொத்தமா பிரிச்சு மாத்தணுமா?

தளம்_வாட்டம்

ஆர்11 பொய்யில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. அந்த எண் ஜெர்மனியின் டிஐஎன் 51130 சோதனையிலிருந்து வருவது. சாய்தளத்தில் எஞ்சின் ஆயில் ஊற்றி, பள்ளம் வெட்டிய அடிப்பாகம் உள்ள பாதுகாப்பு ஷூவோடு ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வில் வழுக்குகிறார் என்று பார்ப்பார்கள். 19 முதல் 27 டிகிரி வரை நின்றால் ஆர்11. சோதிப்பது புத்தம்புதிய, சுத்தமான பலகையை. உங்கள் விருந்தினர் நடப்பது பாசி பிடித்த பலகையில், ரப்பர் செருப்போடு.

வெளித்தளத்துக்குக் கேட்க வேண்டியது பெண்டுலம் சோதனை எண்: ஊசல் போல ஆடும் கையின் நுனியில் ரப்பர் துண்டை வைத்துத் தளத்தில் உரசவிட்டு அளப்பது. ஈரத்தில், ஷூ அடிக்கு ஈடான '96' என்ற வகை ரப்பரால் எடுத்தது. 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு, 25 முதல் 35 வரை நடுத்தரம், அதற்குக் கீழே ஆபத்து. முக்கியமாக, கோட்டுக்குக் குறுக்கே ஓர் எண்ணும் கோட்டோடு ஓர் எண்ணும் கேளுங்கள். குறுக்கே இழுக்கும்போது ரப்பர் ஒவ்வொரு விளிம்பிலும் முட்டும். கோட்டோடு போனால் முட்ட எதுவுமில்லை. உங்கள் ஆட்கள் நடக்கும் திசை இரண்டாவது. அட்டையில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் முதலாவது.

இனி பாசி. கொடைக்கானல் 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழி தொடக்கத்தில் உச்சிவெயிலே சுமார் 56 டிகிரி உயரத்தில், தெற்கே சாய்ந்து வரும். உங்கள் சுவர் கூரையோடு 6 மீட்டர் இருந்தால் நடுப்பகலிலேயே வடக்கே 4 மீட்டருக்கு நிழல் விழும். டெக் 3.2 மீட்டர்தான். அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற ஐப்பசியில் நடுப்பகலில் வெளி விளிம்புக்கு மட்டும் வெயில்; கார்த்திகையிலிருந்து தை நடு வரை அந்த இடத்துக்கு நடுப்பகலிலும் நேர்வெயில் கிடையாது. சித்திரையில் சூரியன் வடக்கே தாண்டிய பிறகுதான் நடுப்பகலில் டெக் முழுவதும் வெயில் படும். நீங்கள் சொல்லும் ஐப்பசி, தை கணக்குக்குக் காரணம் பலகையைவிட இந்த நிழல்தான்.

ஆகவே உடனே மாற்ற வேண்டாம். முதலில் கழுவுங்கள், முறையாக:

சந்தில் அடைத்திருக்கும் ஊசியிலை, மண் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பட்டித் தகட்டால் நோண்டி எடுங்கள். சோடியம் பெர்கார்பனேட், அதாவது ஆக்சிஜன் பிளீச், லிட்டருக்கு 50 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில். உங்கள் 25 சதுர மீட்டருக்கு 12 லிட்டர் கரைசல், 600 கிராம் தூள் போதும். கரைத்தவுடன் பயன்படுத்த வேண்டும், மூடிய கேனில் அடைத்து வைத்தால் வாயு கட்டி வெடிக்கும். ஊற்றி 15 நிமிடம் காயவிடாமல் ஈரமாகவே வைத்து, நைலான் பிரஷ்ஷால் கோட்டோடு தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். அலசாமல் விட்ட சோப்புப் படலம் அடுத்த தூறலில் பாசியைவிட மோசமாக வழுக்கும். ஐப்பசிக்கு முன் ஒரு முறை, கார்த்திகை நடுவில் ஒரு முறை, தையில் ஒரு முறை. இடையில் வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரும் முரட்டு விளக்குமாறும்.

பிரஷர் வாஷர் இருந்தால் 100 பார் அழுத்தத்துக்குக் கீழே, விசிறி போல விரியும் 40 டிகிரி நாசில், 30 செ.மீ. தள்ளி. மேல்தோல் இல்லாத பலகையில் கிட்டே பிடித்தால் மரத்தூள் பிய்ந்து நார் நாராக எழும்பும், அடுத்த பாசி அதில்தான் உட்காரும்.

பெயின்ட் நிற்காது. காரணத்தைக் கீழே யாராவது விரிவாகச் சொல்வார்கள், எனக்குப் பெயின்ட் விவகாரத்தில் பொறுமை இல்லை.

குன்னூர்_ஃபேப்ரிகேஷன்

பெயின்ட், ஒட்டுப்பட்டை ரெண்டுக்கும் ஒரே நோய்தானுங்க. இங்க கிடைக்கிற டெக் பலகையில் நிறைய பாலிஎத்திலீனும் மரத்தூளும் கலந்தது. பாலிஎத்திலீன் மேல பசை பரவிப் பிடிக்காது. மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, முத்தாட்டம் உருண்டு நின்னா பசைக்கும் அதே கதிதான். அதோட பலகை வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். 3.2 மீட்டர் பலகை ராத்திரி 8 டிகிரியிலிருந்து கோடை வெயிலில் 45 டிகிரி ஆச்சுன்னா 6 மி.மீ. வரைக்கும் நகரும். மணல் பெயின்ட் அந்த நகர்வுக்கே விரிசல் விட்டு, வெட்டு வழியா தண்ணி இறங்கி, பொருக்குப் பொருக்கா வந்துடும். பிவிசி கலந்த பலகைன்னா கொஞ்சம் பரவாயில்லை, ஆனா உங்களது கோடு போட்டதுங்க. பட்டைக்கு அடியில் பள்ளம் வழியாத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்.

ஸ்குரூவில் நிக்கிறது மட்டும்தான் நிக்கும். படியில் முதல்ல காசு போடுங்க, சமதளத்தில் அப்புறம். இறங்கும்போது உடம்பு எடை மொத்தமும் படியோட நுனியில், முன்னங்காலில் விழுது. அந்த நுனி 5 செ.மீ.தான் ஆளைக் காப்பாத்துறது.

அலுமினிய நோசிங், அதாவது படி நுனியில் பொருத்துற பட்டை, உள்ளே கரடு மணல் ரெசினில் பதிச்ச பட்டை உள்ளது, 50 முதல் 55 மி.மீ. அகலம். 5 படிக்கு 6 மீட்டர், வெட்டுச் சேதத்தோட 6.5 மீட்டர் வாங்குங்க. மஞ்சளோ வெளுப்போ எடுங்க. மூடுபனியில் பழுப்புப் பலகை மேல கறுப்புப் பட்டை தெரியவே தெரியாது. படி முடியுற இடம் கண்ணுக்குத் தெரியலைன்னா எந்த மணலும் உதவாது.

ஹாலோ பலகையில் ஸ்குரூ மேல் பக்கத்து மெல்லிய சுவரை மட்டும்தான் பிடிக்கும், நாலு பேர் மிதிச்சா துளை பெருசாகி ஆடும். ஆடுற நோசிங் இல்லாத நோசிங்கைவிட ஆபத்துங்க, நுனி தட்டி விழுவாங்க. அதனால படிக்கு மட்டும் உள்ளே ஓட்டை இல்லாத சாலிட் பலகைக்கு மாத்துங்க. ஒரு படிக்கு ரெண்டு பலகை, 12 மீட்டர் வரும். அடியில் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பாக்ஸ் பைப் தாங்கி 300 மி.மீ.க்கு ஒன்னு, அதாவது 1.2 மீட்டருக்கு 5. நோசிங் ஸ்குரூ பலகையைத் தாண்டி அந்தப் பைப்பில் இறங்கணும். எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூ, முன்னாடியே துளை போட்டு, அலுமினியத்தில் துளையை 2 மி.மீ. பெருசா விட்டு. இறுக்கி நசுக்காதீங்க. அஞ்சு படியும் ஒரே உயரமான்னு டேப் வெச்சுப் பாருங்க. கடைசிப் படி மட்டும் மண்ணு ஏறி 2 செ.மீ. குறைஞ்சிருக்கிறது மலையில் எல்லா வீட்டிலயும் நடக்கிறது.

சமதளத்தில் கரடுப் பட்டை கதவு வாசலிலும் முதல் படிக்கு முன்னாடியும் போதும். நடு டெக்கில் 450 மி.மீ.க்கு ஒன்னு போட்டா பாதி அடி பட்டை மேல, பாதி அடி வழுக்குற பலகை மேல விழும். அது மனத் திருப்திக்குத்தான்.

எது எவ்வளவு பிடிக்குதுன்னு நீங்களே பார்க்க: பழைய ரப்பர் செருப்பின் அடியைக் கீழே வெச்சு, மேல 10 கிலோ ஏத்தி, லக்கேஜ் தராசால் இழுங்க. 4 கிலோவில் நகர்ந்தா உராய்வு எண் 0.4.

தளம்_வாட்டம்

படி விஷயத்தில் முழு உடன்பாடு. தராசு சோதனையில் மட்டும் எச்சரிக்கை. நின்ற பொருளை மெதுவாக இழுக்கும்போது ரப்பருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேற நேரம் கிடைக்கிறது, அதனால் ஈரத்தளம் நிஜத்தைவிட நல்ல பிள்ளையாகத் தெரியும். நடையில் குதிகால் வேகமாக இறங்கும்போது தண்ணீர் போக நேரமில்லை, அந்தப் படலத்தின் மேல்தான் கால் மிதக்கிறது. கழுவுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தராசு ஆகும். பாதுகாப்பு என்று முடிவு கட்ட ஆகாது.

அந்தப் படலத்தைக் குத்திக் கிழிப்பது மேற்பரப்பின் நுண்சொரசொரப்பு. தண்ணீருக்கு ஆர்இசட் அளவு, அதாவது நுண்ணிய மேடுபள்ளத்தின் உயரம், 20 மைக்ரானுக்கு மேல் வேண்டும். கையால் தொட்டால் எமரியின் சாயல் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பெரிய பள்ளங்கள் அந்த வேலையைச் செய்யாது. உங்களுடையது மேல்தோல் இல்லாத பலகை என்பது இங்கே ஒரு வசதி: கழுவிக் காய்ந்த பிறகு, கதவிலிருந்து படிவரையுள்ள நடைபாதையை மட்டும் 60 நம்பர் எமரித்தாளால் தேய்த்தால் பளபளப்பு போய்ப் பிடிப்பு வரும். நிறம் வெளுத்துத் தெரியும், சில மாதத்தில் ஒன்றாகும். மிதிபட்டு மறுபடி வழவழப்பாகும், ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், துணுக்கு சிக்கித் துருப்பிடிக்கும். மேல்தோல் உள்ள பலகையில் இதைச் செய்யவே கூடாது. தோல் அரை மில்லிமீட்டர்தான்.

திண்டுக்கல்_தச்சு

அண்ணே, அடியில் இருக்கிறதை யாரும் பேசலை. உங்க சட்டம் சுவருக்கு இணையா, தளத்தோட ஒட்டி ஓடுது. தண்ணி வெளியே போற வழிக்குக் குறுக்கே 7, 8 வரப்பு கட்டி வெச்ச மாதிரி. கீழே தண்ணி தேங்கி நிக்கிற வரைக்கும் மேல எத்தனை தடவை கழுவினாலும் பலகை அடியிலிருந்து ஈரம் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

இன்னொன்னு, 25 மி.மீ. ஹாலோவுக்கு 450 அதிகம். நடுவில் தொய்யும். சட்டத்துக்குச் சட்டம் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்க, நடுவில் 3 மி.மீ.க்கு மேல இறங்கியிருந்தா அங்கதான் தண்ணி நிக்கும், அங்கதான் பாசிப் பட்டை தெரியும். ராத்திரியில் காட்டுமாடு ஏறுற இடம்னா பலகை நொறுங்கியே போயிடும், அதுக்கு ஹாலோ எந்த இடைவெளியிலும் ஆகாது. கைப்பிடியும் வாசல் தடுப்பும்தான் வழி.

பிரிச்சுப் போடுறதா இருந்தா ரெண்டு வழி. கோடு போட்ட பலகைன்னா வாட்டம் கோட்டோடயும் நடை குறுக்கேயும் வரணும். உங்க இடத்தில் ரெண்டும் ஒத்து வராது: பலகையை வீட்டுக்கு இணையாத் திருப்பினா நடை குறுக்கே வரும், ஆனா வாட்டம் வெளிப்பக்கம்தான் கொடுக்க முடியும், பள்ளத்தில் தண்ணி நிக்கும். அதனால கோடே இல்லாத, பிரஷ்ஷால் கீறிச் சொரசொரப்பாக்கின சாலிட் பலகையை வீட்டுக்கு இணையாப் போடுங்க. சந்து 6 மி.மீ. அகலத்துக்கு 22 வரிசை, 176 மீட்டர், சேதத்தோட 190 மீட்டர். ஜிஐ பாக்ஸ் பைப் 300 மி.மீ.க்கு ஒன்னு, 28 பைப், தலா 3.2 மீட்டர், 90 மீட்டர். எஸ்எஸ் கிளிப் 620, பலகை முட்டுற இடத்தில் பைப்பை இரட்டையாப் போட்டா இன்னும் கொஞ்சம். வாட்டம் 80க்கு 1, அதாவது சுவரிலிருந்து வெளிவிளிம்புக்கு 4 செ.மீ. பைப் சுவரிலிருந்து வெளியே ஓடும், தண்ணியும் அதோட ஓடும். அடியில் பெடஸ்டல் (குட்டைத் தாங்கு கால்) வெச்சுத் தூக்கிட்டா காத்தும் போகும்.

மேல்மலைவாசி

ரொம்ப நன்றி. இப்போதைக்குப் படியும் கழுவலும், அடுத்த சித்திரையில் பிரிச்சுப் போடலாம்னு நினைக்கிறேன். ரெண்டு சந்தேகம். தோட்டக்காரர் ஆரஞ்சு மரத்துக்கு அடிக்கிற காப்பர் மருந்தையே டெக்கில் தெளிச்சா பாசி செத்துடும்ங்கிறார். அப்புறம் ஏரிப் பக்கத்து வீடுகள் மாதிரி உறைபனி விழுந்தா உப்பு போடலாமா?

தலைக்குந்தா_பனி

காப்பர் மருந்து வேண்டாங்க. பாசி சாகும், ஆனா தாமிரச் சத்து கலந்த தண்ணி ஜிஐ பைப்பையும் அலுமினிய நோசிங்கையும் அரிச்சிடும். எங்க பக்கம் தேயிலைக்குக் கொப்புள நோய்க்கு அடிக்கிறதும் காப்பர் மருந்துதான், அது செடியோட நிக்கட்டும். பலகை பளபளக்கணும்னு டீசலோ எண்ணெயோ தடவுற ஆட்களையும் கிட்ட விடாதீங்க.

பனி விஷயம்: தூக்கிப் போட்ட டெக் பக்கத்து வெறும் மண்தரைக்கு முன்னாடியே உறையும். மண்ணோட சூடு மேல வராது, பலகை வானத்தைப் பார்த்துச் சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும். தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டினாலும் பலகை மேல பனி இருக்கலாம். சுடுதண்ணி ஊத்தினா கரைஞ்சு, சந்தில் போய், மறுபடி கண்ணாடியா உறையும்; அதுதான் கண்ணுக்கே தெரியாத ரகம். சாப்பாட்டு உப்பு பலகையை ஒன்னும் பண்ணாது, பைப்பைத் தின்னுடும். வறண்ட முரட்டு விளக்குமாறால் பொடிப் பனியைக் கூட்டித் தள்ளிட்டு, வெயில் ஏறுற வரைக்கும் படிக்கு ஒரு சங்கிலி போடுங்க. உங்களுக்கு வடக்குப் பக்கம்ங்கிறதால நேர்வெயில் வராது, காத்து சூடேறட்டும்னு பத்து மணி வரைக்கும் ஆளை வேற வாசலில் அனுப்புங்க.

வாசலில் ரப்பர் அடி வெச்ச மிதியடி போட்டா பலகையில் கறை விழும், அடியில் பாசியும் வளரும். தென்னைநார் மிதியடியும் மழைக்காலத்தில் நாள் பூரா ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். சாயங்காலம் எடுத்து நிமிர்த்தி வெச்சுடுங்க.