வாயேஜர் வெளியேறியதா, இல்லை வாசலில்தான் நிற்கிறதா?

தொலைநோக்கன்:
காலையில் கண்ணில் பட்ட தலைப்பு இது: "சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறிய வாயேஜர்-1, 2026 நவம்பரில் ஒரு ஒளிநாள் தொலைவை எட்டுகிறது." ஒளிநாள் சரி. ஒளி ஒரு நாள் முழுக்க ஓடும் தூரம், ஏறக்குறைய 2,590 கோடி கிலோமீட்டர், அதில் எனக்குச் சண்டை இல்லை. எரிச்சல் அந்த "வெளியேறிய"வில்தான். ஒரே விண்கலத்தை எத்தனை தடவை ஐயா வெளியேற்றுவீர்கள்? செய்தி கிடைக்காத நாளெல்லாம் பாவம் அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. செட்னா என்று செக்கச் சிவந்த ஒரு குட்டிக் கோளம் உண்டு, 2003-ல் கண்டுபிடித்தார்கள், அதுவும் நம் சூரியனைத்தான் சுற்றுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 900 மடங்குக்கும் அப்பால் போய்விட்டுத் திரும்பும். வாயேஜர் போயிருப்பது சுமார் 170 மடங்கு. செட்னா உள்ளே என்றால் வாயேஜர் எப்படி வெளியே? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

அரைக்கிணறு:
வந்துவிட்டார். 2012 ஆகஸ்ட் 25-ஆம் தேதி வாயேஜர்-1 சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. அடுத்த வருடம் செப்டம்பரில் நாசாவே அறிவித்தது. சூரியனிலிருந்து வீசும் காற்று எங்கே தோற்று நிற்கிறதோ அதுதான் சூரியனின் எல்லை, அதற்கு அப்பால் மற்ற விண்மீன்களின் சரக்கு. வெளியேறியது வெளியேறியதுதான், முடிந்தது கதை. காலையில் எழுந்ததும் தலைப்பைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதை விட்டுப் பல்லைத் துலக்கலாம்.

தொலைநோக்கன்:
பெயர் பொருத்தம் என்றால் இதுதான் பொருத்தம். பாதிக் கிணறு தாண்டியதை முழுக்கிணறு என்று கணக்கெழுதுகிறீர்கள். நாசா சொன்னது "விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் நுழைந்தது" என்று. சூரியக் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது என்று சொல்லவில்லை. வாயேஜர்-2 அதே எல்லையை 2018 நவம்பர் 5-ல் தாண்டியதே, அந்த டிசம்பரில் வந்த அறிவிப்பிலேயே இரண்டு கலங்களும் இன்னும் வெளியேறவில்லை, இப்போதைக்கு வெளியேறப் போவதும் இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அறிவிப்பை முழுசாகப் படிக்காமல் தேதியை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான். செட்னாவுக்குப் பதில்?

மின்மினி:
சூரியக் காற்று நின்ற இடம் வேறு, சூரியனின் ஈர்ப்பு நிற்கும் இடம் வேறு. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், இன்னொருவர் மற்றதைச் சொல்கிறார். எந்த எல்லையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போட்டால் பார்க்கிற எங்களுக்கும் வசதி.

அரைக்கிணறு:
முடிவு செய்ய என்ன இருக்கிறது, வெளியேறிவிட்டது.

தொலைநோக்கன்:
வெளியேறவில்லை.

பழைய ரேடியோ:
நடுவில் ஒரு திருத்தம். அது வாயேஜர் இல்லை, வாயஜர். "யே" எங்கிருந்து வந்தது?

அரைக்கிணறு:
ஐயா, அது 1977-ல் கிளம்பியது, நீங்கள் இப்போதுதான் பெயர் வைக்கிறீர்கள். தொலைநோக்கரே, எப்படி உறுதி செய்தார்கள் என்றாவது தெரியுமா? பிளாஸ்மாவை, அதாவது விண்வெளியில் பரவியிருக்கும் மின்னேற்றத் துகள்களின் வாயுவை, நேரடியாக அளக்கும் கருவி வாயேஜர்-1-ல் 1980-லேயே படுத்துவிட்டது. அதனால் தாண்டியதா இல்லையா என்று ஒரு வருடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2012 மார்ச்சில் சூரியன் ஒரு பெரிய வெடிப்பைக் கக்கியது. அது 13 மாதம் நடந்து 2013 ஏப்ரலில் கலத்தை எட்டியபோது சுற்றியிருந்த பிளாஸ்மா வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது. அந்த அதிர்வின் சுருதியை இன்னொரு கருவி பிடித்தது, சுருதியை வைத்து அடர்த்தியைக் கணக்குப் போட்டார்கள், எல்லைக்கு உள்ளே இருந்ததைப் போல 40 மடங்கு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சூரியத் தகடுகளுக்கே வெளிச்சம் கிடைக்காமல் கலம் தடுமாறுகிற இடம் அது, அதைப் போய் "உள்ளே" என்கிறீர்கள்.

தொலைநோக்கன்:
சூரியத் தகடா? வாயேஜருக்கா? எல்லோரும் ஒரு நிமிடம் இங்கே வாருங்கள். அது புளூட்டோனியத்தின் வெப்பத்தில் மின்சாரம் எடுத்து ஓடுகிற கலம். கிளம்பும்போது 470 வாட், ஒவ்வொரு வருடமும் நான்கு வாட் போலக் குறைகிறது, அதனால்தான் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். சூரியத் தகடு இருந்ததாகக் கனவு கண்டவருடனா நான் இவ்வளவு நேரம் பேசினேன்!

அரைக்கிணறு:
ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொன்னது. வெளிச்சம் குறைவு என்பதை உணர்த்த.

மின்மினி:
இல்லாத தகட்டுக்குக் கிடைக்காத வெளிச்சம். நல்ல எடுத்துக்காட்டு.

அரைக்கிணறு:
அம்மணி, நீங்கள் யார் பக்கம்?

மின்மினி:
செட்னா பக்கம்.

தொலைநோக்கன்:
அந்தப் பிளாஸ்மா கதையில் ஒரு விஷயத்தை நைசாக விழுங்கிவிட்டார், கவனித்தீர்களா? தாண்டியபோது காந்தப்புலத்தின் திசை மாறும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாறவில்லை. அந்த ஒரு வருடக் குழப்பத்துக்கு அதுவும் காரணம். அதற்கு நடுவில், 2013 மார்ச்சில், அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு வெளியிட்ட செய்திக்குறிப்பில் "வாயேஜர்-1 சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறியது" என்று தலைப்பு வைத்தார்கள். பிறகு "புதிய பகுதிக்குள் நுழைந்தது" என்று மாற்றினார்கள். அறிவியல் சங்கமே தலைப்பைத் திருத்துகிறது, நம் ஆட்கள் பழைய தலைப்பையே தலையில் வைத்துச் சுமக்கிறார்கள். உண்மையில் வெளியேற வேண்டுமானால், சூரியனை வெகு தொலைவில் சூழ்ந்திருக்கும் பனிக்கட்டிப் பொருள்களின் கூட்டமான ஊர்ட் மேகத்தைத் தாண்ட வேண்டும். அதன் உள் ஓரத்தைத் தொடவே இன்னும் 300 வருடம் போல ஆகும், தாண்டி முடிக்க 30,000 வருடம். வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போயும் இந்தக் கணக்கு. அதுவரை "வெளியேறிய" என்ற சொல்லைப் பூட்டி வையுங்கள்.

அரைக்கிணறு:
ஊர்ட் மேகத்தை யார் பார்த்தது? 1950-ல் யான் ஊர்ட் என்ற வானியலாளர், வால் வெள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்து, இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றார். இன்றுவரை அந்த மேகத்துக்குள் இருக்கும் ஒரு பொருளைக்கூட அங்கேயே வைத்து யாரும் பார்த்ததில்லை. கண்ணால் காணாத மேகத்தை வைத்துக் கருவியால் அளந்த எல்லையை மறுக்கிறீர்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தொலைநோக்கன்:
செட்னாவைப் பார்த்தார்கள் அல்லவா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அரைக்கிணறு:
இன்னொன்று. வியாழன், சனி இரண்டின் ஈர்ப்பையும் உந்துகோலாக வைத்து 1979, 1980-லேயே வாயேஜர் சூரியனின் பிடியை மீறும் வேகத்தைப் பெற்றுவிட்டது. இனி திரும்பவே திரும்பாது. செட்னா சுற்றிவிட்டுத் திரும்பி வரும் பிள்ளை. இது வராத பிள்ளை. வராத பிள்ளை வீட்டை விட்டுப் போனதுதானே?

தொலைநோக்கன்:
ரயில் டிக்கெட் எடுத்தவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான் என்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி வாயேஜர் 1980-லேயே வெளியேறியிருக்க வேண்டும், பிறகு 2012-ல் எதற்கு இன்னொரு தடவை வெளியேறியது? மறந்துபோய்த் திரும்பி வந்ததா?

சும்மாஇரு:
இது பெரிய விஷயமா நண்பர்களே? 2023 நவம்பரில் அது குப்பையாக உளறத் தொடங்கியது. ஒரு சில்லு செத்துப்போனதைக் கண்டுபிடித்து, அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு நகர்த்தி, 2024 ஏப்ரலில் திரும்பப் பேச வைத்தார்களே, அதைப் பற்றிப் பேசலாமே.

பழைய ரேடியோ:
அருமையான வேலை அது. ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. தப்பாக ஓர் எழுத்து அடித்தால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கலத்தின் கணினிகளில் மொத்த நினைவகமே 69 கிலோபைட். இப்போது ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது.

சும்மாஇரு:
என்னிடம் கொடுத்திருந்தால் அரை மணியில் சரி செய்திருப்பேன், பழைய இயந்திர மொழி எனக்கு அத்துப்படி.

மின்மினி:
பெயரைக் காப்பாற்றியிருக்கலாம்.

பழைய ரேடியோ:
அரை மணியில் உங்கள் கட்டளை வியாழனைக்கூடத் தாண்டியிருக்காது தம்பி.

சும்மாஇரு:
யார் தம்பி? எனக்கு வயது தெரியுமா உங்களுக்கு?

பழைய ரேடியோ:
வாயஜரைவிடச் சின்னவர் என்று எழுத்திலேயே தெரிகிறது.

அரைக்கிணறு:
பேச்சை மாற்றாதீர்கள். தொலைநோக்கருக்கு ஒரு பழைய கணக்கை நினைவுபடுத்துகிறேன். போன மாதம் புளூட்டோ சண்டை. 2006-ல் பிராகாவில் சர்வதேச வானியல் ஒன்றியம் ஓட்டெடுத்து புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கியது, சங்கம் சொன்னால் சொன்னதுதான் என்று என்னிடம் நான்கு நாள் பாடம் எடுத்தார். இன்றைக்கு நாசா எல்லை தாண்டியது என்று சொன்னால் மட்டும் கசக்கிறது. சங்கம் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லும்போது மட்டும் வேதவாக்கா?

தொலைநோக்கன்:
புளூட்டோ வலி இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. தோற்றவர்கள் தேதியை மறப்பதில்லை. நாசா சொன்னதை நான் மறுக்கவே இல்லை, இரண்டு கலங்களும் வெளியேறவில்லை என்று நாசாதான் சொன்னது, மேலே போய்ப் படியுங்கள். சரி, மறுபடியும் கேட்கிறேன். செட்னா உள்ளேயா, வெளியேயா?

அரைக்கிணறு:
இந்த வறட்டுவாதத்தில் எனக்கு இனி விருப்பமில்லை. நான் வெளியேறுகிறேன்.

தொலைநோக்கன்:
நல்லது. செட்னாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அரைக்கிணறு:
போகும் முன் ஒன்று. வாயேஜர்-2-தான் 1977 ஆகஸ்ட் 20-ல் முதலில் கிளம்பியது, வாயேஜர்-1 செப்டம்பர் 5-ல்தான். இதுகூடத் தெரியாமல் இங்கே பலர் பேசுகிறார்கள்.

மின்மினி:
அதை யார் கேட்டது? அப்புறம், வெளியேறுகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஊர்ட் மேகம் இருக்கிறதா?

சும்மாஇரு:
இரண்டாவது முதலில் கிளம்பினால் அதற்கு ஏன் இரண்டு என்று பெயர்? நாசாவுக்கே எண்ணத் தெரியாதா?

பழைய ரேடியோ:
ஒன்று என்று பெயரிட்டது வேகமான பாதையில் போய் வியாழனுக்கு முதலில் போய்ச் சேரும் என்பதால். சேர்ந்தது. இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

சும்மாஇரு:
அப்படியென்றால் கிளம்பும் முன்பே வென்றதாக அறிவித்துவிட்டார்கள். அதுதான் அரைக்கிணறு அண்ணன் வழக்கமும்.

அரைக்கிணறு:
நான் போய்விட்டேன், என்னை இழுக்காதீர்கள். 40 மடங்கு அடர்த்தி. அதற்கு ஒருவர்கூட இதுவரை பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தொலைநோக்கன்:
அடர்த்தி கூடியது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன். குளத்தின் தண்ணீர் முடிந்து சேறு தொடங்கினால் குளத்தை விட்டு வெளியேறியதாக ஆகுமா? கரை ஏற வேண்டாமா? இப்போது வாயேஜர் நடப்பது சேற்றில். அதன் முதுகுக்குப் பின்னால் இன்னும் பிரகாசமான விண்மீன் எது தெரியுமா? நம் சூரியன். 1990 பிப்ரவரி 14-ல் 600 கோடி கிலோமீட்டரிலிருந்து திரும்பிப் பார்த்துப் பூமியை ஒரு புள்ளியாகப் படம் எடுத்ததே, அப்போது சூரியன் இருந்ததைவிட இப்போது மங்கல்தான், ஆனாலும் அந்த வானத்தில் அதற்கு நிகர் இல்லை. வெளியேறியவன் முதுகில் வீட்டு விளக்கு இவ்வளவு பளிச்சென்று அடிக்குமா?

அரைக்கிணறு:
வீட்டு விளக்கு தெருவிலும்தான் அடிக்கும். தெருவில் நிற்கிறவன் வீட்டுக்கு வெளியேதான் நிற்கிறான்.

மின்மினி:
முதல் தடவையாக ஓர் உருப்படியான வரி. சூரியத் தகட்டையும் மன்னித்துவிடலாம்.

அரைக்கிணறு:
அது எடுத்துக்காட்டு என்று சொன்னேனே!

தொலைநோக்கன்:
தெருவும் எங்கள் பட்டாவில்தான் வருகிறது. செட்னா அங்கேதான் நடைப்பயிற்சி போகிறது.

பழைய ரேடியோ:
எல்லாம் சரி, ஆனால் இன்னும் எல்லோரும் "வாயேஜர்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சும்மாஇரு:
வோயேஜர் என்றும் பார்த்திருக்கிறேன்.

பழைய ரேடியோ:
எங்கே? யார் எழுதியது?