கைக்கடக்கத் துப்பாக்கி: குடும்பக் குழுவில் ஒரு இரவு

[இரவு 8:41] மாலதி: சித்தப்பா, உங்களிடம் ஒரு கேள்வி. துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. இன்று ஒரு குட்டித் துப்பாக்கி பார்த்தேன். .25 என்றார்கள், அதாவது குண்டின் விட்டம் அங்குலத்தில். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது, எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வேலை முடிந்து இரவு 2 மணிக்குத் தனியாகத்தான் கார் வரை நடக்கிறேன். இது போதுமா?

[8:43] சுந்தரி: என்னது, துப்பாக்கியா? முதலில் அந்த ராத்திரி வேலையை விடு.

[8:44] பாலு: சிறு துரும்பும் பல் குத்த உதவும். .25 அதற்கு மட்டும்தான் உதவும்.

[8:46] கார்த்தி: மாமா, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. ஜேம்ஸ் பாண்டே சின்னத் துப்பாக்கிதான் வைத்திருப்பார்.

[8:47] பாலு: அவருக்கு அடுத்த படத்துக்கும் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். உன் அக்காவுக்கு அப்படி யாரும் போடவில்லை.

[9:10] ரகுநாதன்: இப்போதுதான் பார்த்தேன். மாலதி, கேட்டுவிட்டு வாங்க நினைத்தாயே, அதுவே நல்லது. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாங்கிவிட்டுத்தான் கேட்டார்கள்.

[9:14] ரகுநாதன்: அந்த .25 தோட்டாவின் கதையைச் சொல்கிறேன், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அதற்கான சட்டைப்பைத் துப்பாக்கி 1906ல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்திலிருந்து வந்தது. அப்போதே .22 இருந்தது. ஆனால் .22ல் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கும், விளிம்பை அடித்தால்தான் வெடிக்கும். மருந்து விளிம்பு முழுக்கச் சீராகப் பரவவில்லை என்றால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. .25ல் அந்த மருந்து அடியின் நடுவில் இருக்கும், அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. ஆக, அதன் பெருமை நம்பகத்தன்மைதான். வலிமை என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை.

[9:15] கார்த்தி: வலிமை எவ்வளவு சித்தப்பா? எண்ணில் சொல்லுங்கள்.

[9:21] ரகுநாதன்: தோராயமாக எடுத்துக்கொள், தோட்டாவுக்குத் தோட்டா மாறும். .25 குண்டு 3 கிராமுக்குச் சற்று மேல், ஆற்றல் 85 ஜூல் பக்கம். .22 குட்டைக் குழலில் 100 ஜூல் வந்தால் பெரிது. அதே .22 ரைபிளின் நீளக் குழலில் அதைவிட நன்றாக ஓடும். பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்காதே, பெரும்பாலும் அது ரைபிள் கணக்கு. .32 என்றால் 175. .380 என்றால் 260 வாக்கில். போலீஸார் வைத்திருக்கும் 9 மி.மீ. 450க்கு மேல்.

[9:22] பாலு: 85க்கும் 450க்கும் நடுவில் ஒரு குடும்பமே இருக்கிறதே.

[9:24] சுந்தரி: அப்படியானால் அந்தக் குட்டித் துப்பாக்கியால் யாரும் சாக மாட்டார்களா? பிறகு எதற்கு அது?

[9:27] ரகுநாதன்: அக்கா, அந்தத் தப்பை மட்டும் பண்ணாதீர்கள். தாராளமாகச் சாவார்கள். 1914ல் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும், 1948ல் காந்தியைச் சுட்டதும் .380 சிறுதுப்பாக்கிகள்தான். மாலதி பார்த்திருப்பது அதைவிடச் சின்னது, ஆனால் அதுவும் கொல்லும். கொல்லுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. வருகிறவனை அந்த நொடியில் நிறுத்துமா என்பதுதான் கேள்வி.

[9:29] அனு: அப்பா சொல்வதை நான் மருத்துவமனைப் பக்கமிருந்து சொல்கிறேன். ஒருவர் உடனே சரிய வேண்டுமென்றால் குண்டு மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட வேண்டும். மற்ற இடமெல்லாம் ரத்தம் போய்த்தான் விழ வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் 10 முதல் 15 விநாடி அவரால் நினைத்ததைச் செய்ய முடியும்.

[9:30] அனு: 1981 மார்ச் 30, அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டது நினைவிருக்கிறதா? .22 ரிவால்வர், இரண்டு விநாடிக்குள் ஆறு தோட்டா. ஒரு குண்டு கார் மேல் பட்டுத் தெறித்து அவர் அக்குள் வழியாக நுரையீரலுக்குள் போனது. 70 வயது. குண்டு பட்டதே அவருக்குத் தெரியவில்லை, விலா எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்தார். மருத்துவமனைக்குள் நடந்தே போனார், உள்ளே போன பிறகுதான் சரிந்தார். அதே துப்பாக்கி, அதே இரண்டு விநாடி, அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் பட்டது. அவர் அங்கேயே விழுந்தார், ஆயுள் முழுக்க அந்தப் பாதிப்போடு வாழ்ந்தார்.

[9:31] மாலதி: அப்படியானால் எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம்.

[9:32] ரகுநாதன்: எங்கே, எவ்வளவு ஆழம். இரண்டும். கார்த்தி சொன்ன கடுகுக்குக் காரம் உண்டு, ஆனால் ஏறுவதற்கு நேரம் எடுக்கும். 1983ல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் கணக்குப் போட்டார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடி வந்து சேர ஒன்றரை விநாடி போதும். இப்போது அனு சொன்ன 10 விநாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்.

[9:33] சுந்தரி: ராத்திரி நேரத்தில் இதையெல்லாம் பேச வேண்டுமா?

[9:34] பாலு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:34] கார்த்தி: மாமா, எதை நீக்கினீர்கள்?

[9:35] பாலு: உன் அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். விடு.

[9:38] கார்த்தி: சித்தப்பா, ஹாலோ பாயிண்ட் குண்டு போட்டால்? உள்ளே போய் விரிந்து பெரிய காயமாக்கும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள்.

[9:45] ரகுநாதன்: பெரிய தோட்டாவுக்குச் சரி. குட்டித் தோட்டாவில் அது கையிருப்பைக் கரைக்கும் வேலை. இருக்கிற கொஞ்சம் ஆற்றலை விரிவதில் செலவழித்துவிட்டால் ஆழம் போகாது. இல்லையென்றால் வேகம் போதாமல் விரியவே விரியாது. ஆழம் என்றால் எவ்வளவு? அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வைத்த அளவு, சதைக்குப் பதிலாக வைத்துச் சுடும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம். 1986ல் மயாமியில் நடந்த ஒரு மோதலுக்குப் பிறகு வந்த அளவு அது. கொள்ளைக்காரன் ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன குண்டு இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சண்டை போட்டான், இரண்டு அதிகாரிகள் இறந்துபோனார்கள். அந்தக் குண்டு .25 இல்லை, 9 மி.மீ. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பலர் .22, .25, .32ல் விரியாத குண்டையே போடுவார்கள்.

[9:47] மாலதி: சரி, அப்படியானால் அந்தத் துப்பாக்கி வேண்டாம் என்கிறீர்களா?

[9:55] ரகுநாதன்: அவசரப்படாதே. குட்டித் துப்பாக்கிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கூடவே வரும். முக்கால் கிலோ துப்பாக்கி வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் இடுப்பில், இரண்டாம் மாதம் காரில், மூன்றாம் மாதம் அலமாரியில். ஆபத்து வரும் நாளில் அலமாரியில் இருக்கும் 450 ஜூலுக்கு மதிப்பு பூஜ்யம். அதோடு, துப்பாக்கியைக் கண்டாலோ ஒரு சத்தம் கேட்டாலோ ஓடிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு விட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வருகிறவன் அந்த ரகம்தான் என்று நம்பி நீ திட்டம் போடக்கூடாது.

[9:56] ரகுநாதன்: எனக்கு உண்மையான எரிச்சல் வேறு. "பெண்ணுக்குச் சின்னத் துப்பாக்கி, சுலபமாக இருக்கும்" என்று தூக்கிக் கொடுக்கிறார்களே, அது. சுடுவதற்கு மிகக் கடினமானதே அந்தக் குட்டிதான்!

[9:57] மாலதி: எப்படி? கையில் லேசாக இருந்ததே.

[10:06] ரகுநாதன்: லேசு என்பதுதான் வினையே. கைப்பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும். குறி பார்க்கும் முனைகள் இரண்டுக்கும் நடுவில் மூன்று, நான்கு அங்குலம், மயிரளவு கை ஆடினாலும் குண்டு வேறெங்கோ போகும். பலவற்றில் ட்ரிக்கர் நீளமாக, கனமாக இழுக்கும். மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதிதான் ஸ்லைடு, அதை இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் போகும். .25, .32 வகைகளில் பெரும்பாலும் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் குழலின் பின்பக்கத்தை மூடி வைத்திருக்கும், அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். ஸ்லைடோ கட்டைவிரல் நீளம், பிடித்து இழுக்க இடமே இருக்காது. கடையில் அதை இழுத்துப் பார்த்தாயா?

[10:07] மாலதி: இல்லை. அவர்தான் இழுத்துக் காட்டினார்.

[10:08] ரகுநாதன்: அதுதான். உனக்கு வலது மணிக்கட்டு முறிந்து சேர்ந்தது வேறு.

[10:09] அனு: அக்கா, அந்தக் கை இன்னும் வலிக்கிறதா? ஜாடி மூடி திறக்க முடிகிறதா?

[10:10] மாலதி: மூடி திறக்க இடது கைதான்.

[10:12] கார்த்தி: அப்போது .380 எடுக்கலாமே. ரூகர் எல்.சி.பி. என்று ஒன்று பார்த்தேன், அதுவும் 270 கிராம்தான்.

[10:19] ரகுநாதன்: பரவாயில்லை, படித்திருக்கிறாய். 2008ல் வந்தது அது. அந்த வகை வந்த பிறகு .25க்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது என்பது என் கருத்து. ஏறக்குறைய அதே எடையில் மூன்று மடங்கு ஆற்றல் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆற்றல் சுடுகிறவர் கையையும் உதைக்கும். 270 கிராமில் .380 என்றால் இரண்டு மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) சுட்டதும் பலர் கீழே வைத்துவிடுவார்கள். கை வலித்தால் பயிற்சி செய்ய மாட்டாய். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகாமல் ஜாம் ஆகும், அதுவும் இரண்டாவது தோட்டாவிலேயே.

[10:20] பாலு: ரகு, நீ எதைச் சொன்னாலும் அடுத்த வரியில் ஒரு ‘ஆனால்’ வைக்கிறாய். பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான்.

[10:21] ரகுநாதன்: அத்தான், அதையும் நீங்கள்தான் முடித்து வைத்தீர்கள்.

[10:27] ரகுநாதன்: மாலதிக்கு நான் யோசிப்பது இது. பெரெட்டா நிறுவனத்தில் குழல் மேல்நோக்கித் திறக்கும் .22 துப்பாக்கி உண்டு. முதல் தோட்டாவைக் குழலிலேயே கையால் வைத்து மூடலாம், ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். உதைப்பு மிகக் குறைவு. ஆற்றல் குறைவுதான், தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் ஐந்து மீட்டரில் ஐந்து தோட்டாவையும் வேகமாக ஒரு தட்டளவு வட்டத்துக்குள் போட முடிந்தால், முதல் தோட்டாவிலேயே கண்ணை மூடிக்கொள்கிற .380ஐ விட அது மேல். இன்னொன்று, கொஞ்சம் கனமான எஃகு உடல் .32. சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் எடையே உதைப்பைத் தின்றுவிடும்.

[10:28] கார்த்தி: .22 ரிவால்வர்? வெடிக்கவில்லை என்றால் மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடுமே.

[10:30] ரகுநாதன்: நல்ல யோசனைதான். விளிம்பை அடித்து வெடிக்க வைக்கப் பலமான அடி வேண்டும், அதனால் ட்ரிக்கர் இன்னும் கனமாக இருக்கும். அவள் விரல் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

[10:32] மாலதி: வாங்கினால் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம்தானே?

[10:37] ரகுநாதன்: கூடவே கூடாது. கைப்பையில் சாவி, பேனா, சீப்பு எல்லாம் ட்ரிக்கர் பக்கம் போகும். பையைப் பிடுங்கினால் துப்பாக்கியும் சேர்ந்து போகும். ட்ரிக்கரை மூடும் உறையில் போட்டு, வேறு எதுவும் இல்லாத பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை தூசியும் நூலும் துடைக்க வேண்டும். பழைய வடிவமைப்புகள் பலவற்றில், கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பூட்டு கிடையாது. நீ பார்த்த .25 பழசா, புதுசா?

[10:38] மாலதி: கைமாறியது என்றார். அழகாக இருந்தது.

[10:38] பாலு: அலமாரிக்கு அழகு.

[10:41] சுந்தரி: எங்கள் பேரன் உன் வீட்டுக்கு வந்தால் நேராக உன் கோட்டைத்தான் இழுப்பான். அது தெரியுமா?

[10:43] மாலதி: தெரியும் அத்தை. வீட்டுக்கு வந்ததும் பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி முதலில், துப்பாக்கி அப்புறம்.

[10:45] அனு: அக்கா, மிளகுத் தெளிப்பானும் ஒன்று வைத்துக்கொள். எல்லாத் தொந்தரவும் சுடுகிற அளவுக்குத் தொந்தரவு இல்லை. காவலாளியைக் கார் வரை கூட வரச் சொல்ல முடியாதா?

[10:46] மாலதி: கேட்டால் வருவார். இதுவரை நான்தான் கேட்கவில்லை.

[10:47] சுந்தரி: இவ்வளவு நேரம் ஜூல், ஜூல் என்று பேசினீர்களே, இதை முதலில் கேட்டிருக்கலாமே!

[10:50] ரகுநாதன்: அக்கா சொல்வது சரிதான். மாலதி, நாளையிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொள். எந்தத் துப்பாக்கியானாலும், ஓட வழி இருந்தால் ஓடுவதுதான் முதல் வேலை. எப்போது சுடலாம் என்பதை உள்ளூர் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள், என் பேச்சை மட்டும் நம்பாதே. ஞாயிறு காலை பயிற்சி மைதானத்துக்கு வா. மூன்று துப்பாக்கி கடன் வாங்கி வைக்கிறேன். எதிலும் கை நிற்கவில்லை என்றால், தெளிப்பானோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். கோபப்படக்கூடாது.

[10:51] மாலதி: பட மாட்டேன். கடைக்காரருக்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

[10:52] கார்த்தி: நானும் வரலாமா சித்தப்பா?

[10:53] ரகுநாதன்: வா. காதடைப்பான் கொண்டு வா. போனை வீட்டில் வை.