பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட்: கையால் போட்டால் எக்ஸ், மென்பொருளில் ஓ. எது சரி?

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. நான் பயன்படுத்தும் டிரேடிங் மென்பொருளில் பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட் (விலை ஏறினால் எக்ஸ், இறங்கினால் ஓ என்று செங்குத்து வரிசைகளில் கட்டம் நிரப்பும் வரைபடம்) தனியாகக் கிடையாது, அதனால் அதிலேயே ஸ்கிரிப்ட் எழுதி வரைகிறேன். பாக்ஸ் சைஸ் 1 (ஒரு கட்டத்துக்கு விலையில் 1), ரிவர்சல் 3 (எதிர்த்திசையில் 3 பாக்ஸ் நகர்ந்தால்தான் புது வரிசை), ஹை-லோ முறை (நாளின் உச்ச விலையும் தாழ்ந்த விலையும் வைத்து). சந்தேகம் வந்து ஒரு பகுதியைக் கட்டம் போட்ட தாளில் கையால் போட்டுப் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை. எக்ஸ் வரிசை 104 வரை ஏறியிருக்கிறது. அதற்கு அடுத்த மூன்று நாட்கள் இவை:

முதல் நாள்: ஹை 105.6, லோ 100.2, குளோஸ் (நாள் முடிவு விலை) 104.7
இரண்டாம் நாள்: ஹை 105.9, லோ 102.0, குளோஸ் 103.1
மூன்றாம் நாள்: ஹை 106.2, லோ 101.4, குளோஸ் 105.8

கையால் போட்டால் மூன்றாம் நாள் புதிய எக்ஸ் வரிசை 106 வரை வருகிறது, அதாவது டபுள் டாப் (முந்தைய எக்ஸ் வரிசையின் உச்சத்தைத் தாண்டுவது), வாங்கும் சிக்னல். என் ஸ்கிரிப்டோ அதே நாளில் 101-இல் இன்னொரு ஓ போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டு நாட்களாகப் பார்க்கிறேன், பிழை எங்கே என்று பிடிபடவில்லை. விலையைப் பாக்ஸாக மாற்ற எல்லா இடத்திலும் ஃப்ளோர்தான் (கீழ்ப்பக்க முழு எண்ணாக்குவது) போட்டிருக்கிறேன்.

பதில் 1:

கடைசி வரியில் நீங்களே பிழையைச் சொல்லிவிட்டீர்கள். ஏறும்போது கீழ்ப்பக்கமாக ரவுண்ட் செய்ய வேண்டும், இறங்கும்போது மேல்பக்கமாக. ஒரு பாக்ஸை விலை உண்மையிலேயே தொட்டால்தான் அது நிரம்பும். 105.6 என்றால் 105 நிரம்பியது, 106 இல்லை. அதே மாதிரி லோ 101.4 என்றால் விலை 101-ஐத் தொடவே இல்லை, ஓ 102-இலேயே நிற்க வேண்டும். ஃப்ளோர் போட்டதால் 101.4 என்பது 101 ஆகிவிட்டது, ஸ்கிரிப்ட் ஒரு ஓ சேர்த்துவிட்டது, ஓ சேர்ந்துவிட்டால் அன்றைய ஹையைப் பார்க்கவே கூடாது என்பது விதி, அதனால் 106.2 கணக்கிலேயே வரவில்லை. ஒரே ஒரு ரவுண்டிங் தவறு, போனது ஒரு முழு சிக்னல்.

உங்கள் கைக்கணக்கு சரி. முதல் நாள் எக்ஸ் வரிசையில் இருக்கிறோம், முதலில் ஹை: 105 சேர்கிறது. லோ 100.2 எவ்வளவு கீழே போயிருந்தாலும் அன்றைக்கு அது செல்லாது. இரண்டாம் நாள் ஹை 106-ஐத் தொடவில்லை, அதனால் லோவுக்குப் போகலாம்: 105-இலிருந்து 3 பாக்ஸ் கீழே 102, தொட்டுவிட்டது. அடுத்த வரிசைக்கு நகர்ந்து, உச்ச எக்ஸுக்கு ஒரு கட்டம் கீழிருந்து, 104, 103, 102 என்று மூன்று ஓ. மூன்றாம் நாள் லோ புதிய பாக்ஸைத் தரவில்லை, ஹைக்குப் போகிறோம், 102-இலிருந்து 3 பாக்ஸ் மேலே 105, அதைத் தாண்டி 106 வரை. 103 முதல் 106 வரை நான்கு எக்ஸ். முந்தைய எக்ஸ் உச்சம் 105, ஆகவே டபுள் டாப்.

ஓ வரிசையில் சீலிங் (மேல்பக்க முழு எண்ணாக்குவது) போடுங்கள், போதும். ஆனால் இன்னொன்று: பின்னாளில் பாக்ஸ் சைஸை 0.1 மாதிரி தசமத்தில் வைத்தால் ஃப்ளோர் உங்களை மறுபடி ஏமாற்றும். கணினியில் 0.3-ஐ 0.1-ஆல் வகுத்தால் 3 வராது, 2.9999 என்று வரும், ஃப்ளோர் அதை 2 ஆக்கிவிடும். விலையை முதலிலேயே முழு எண்ணாக்கி, அதாவது டிக் (விலையின் மிகச் சிறிய நகர்வு) எண்ணிக்கையாக மாற்றி, அதற்குப் பிறகு வகுங்கள்.

பதில் 2:

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் சேர்ப்பது, குளோஸ் முறையில் (முடிவு விலையை மட்டும் வைத்து) இதே மூன்று நாட்களைப் போட்டுப் பாருங்கள்: 104.7-க்கு எதுவும் இல்லை, 103.1-க்கு ரிவர்சல் கிடையாது, 105.8-க்கு 105-இல் ஒரு எக்ஸ். ஓ வரிசையே வராது! ஆகவே இன்னொருவரின் சார்ட்டோடு ஒப்பிடும்முன் அவர் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாத பிழையைத் தேடி நேரம் போகும்.

அப்புறம் லைவ் டேட்டாவில் ஓட்டுவீர்களா? அங்கேதான் நான் நிறைய அடிபட்டேன். எக்ஸ் வரிசையில் இருக்கும்போது காலையில் விலை சரிந்து ரிவர்சல் ஆகி மூன்று ஓ விழுந்துவிடும், மதியம் ஏறிப் புது உச்சம் போகும். நாள் முடிந்த கணக்குப்படி அன்றைக்கு எக்ஸ் மட்டும்தான், அந்த ஓக்கள் இருக்கவே கூடாது. வரைந்ததன் மேலேயே சேர்த்துக்கொண்டு போகும் ஸ்கிரிப்டில் அவை அப்படியே தங்கிவிடும். நேற்று முடிந்த நிலையைத் தனியாகச் சேமித்து வைத்து, ஒவ்வொரு முறை விலை வரும்போதும் இன்றைய ஹை, லோவை அந்த நிலையிலிருந்தே புதிதாகக் கணக்கிடுங்கள். நாள் முடியும் வரை இன்றைய வரிசை தற்காலிகம்தான்.

கேட்டவர்:

சீலிங் போட்டதும் மூன்று நாளும் அப்படியே கையோடு பொருந்திவிட்டது, ரொம்ப நன்றி. ஒரு விஷயம் மட்டும் மிச்சம். 1% பாக்ஸ் வைத்து, 2 வருட டேட்டா ஏற்றினால் ஒரு சார்ட், 5 வருடம் ஏற்றினால் வேறு சார்ட். கடைசி வரிசைகள்கூட மாறுகின்றன. பாக்ஸ் 1 என்று நிலையாக வைத்தால் தொடக்கத்தில் ஓரிரு வரிசை மட்டுமே மாறுகிறது.

பதில் 1:

நிலையான பாக்ஸில் முதல் வரிசை எக்ஸா ஓவா என்பது டேட்டா தொடங்கும் இடத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் சில வரிசைகளில் இரண்டும் சேர்ந்துவிடும், கவலை வேண்டாம். 1% பாக்ஸில் நீங்கள் முதல் விலையிலிருந்து பாக்ஸ் எல்லைகளின் ஏணி கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் விலை மாறினால் ஏணியின் எல்லாப் படியும் நகரும். 1 என்ற எண்ணிலிருந்து தொடங்கி 1.01-ஆல் பெருக்கிக்கொண்டே போகும் ஒரே ஏணியை எப்போதும் வையுங்கள், விலையின் லாகரிதத்தை 1.01-இன் லாகரிதத்தால் வகுத்தால் எத்தனையாவது படி என்று கிடைத்துவிடும்.

பங்குப் பிரிப்புக்குப் பிறகு பழைய விலைகள் திருத்தப்பட்டாலும் இதேபோல் பாக்ஸ் எல்லைகள் இடம் மாறும். ஏடிஆர் (சமீப நாட்களின் சராசரி விலை வீச்சு) அளவில் பாக்ஸ் வைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், ஏடிஆர் தினமும் மாறுவதால் பழைய சிக்னல்களே காணாமல் போகும். அதில் பேக்டெஸ்ட் (பழைய டேட்டாவில் சோதனை) செய்தால் வரும் முடிவை நான் நம்ப மாட்டேன்.

கேட்டவர்:

ஆமாம், முதல் குளோஸிலிருந்துதான் கட்டியிருந்தேன். 1-இலிருந்து மாற்றிவிட்டேன், இப்போது 2 வருடமும் 5 வருடமும் தொடக்கம் தவிர ஒன்றாகவே வருகின்றன. லைவ் பகுதியை நாளைக்குத் திருத்துகிறேன்.