மறுமொழி: ஸ்கேவெஞ்சிங் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

> துப்புரவாக்கம் என்றே போட்டுவிடலாமே, எளிதாகப் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நான் மொழிபெயர்ப்பது பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் பாடம். காரின் சைலன்சர் குழாய்களை மாற்றி எஞ்சினின் திறனைக் கூட்டுவது பற்றிய பகுதி. ஸ்கேவெஞ்சிங் என்பது இதுதான்: ஒரு சிலிண்டரின் புகை குழாயில் பாய்ந்து ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு வந்து சேரும் நேரத்தில் அடுத்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்தால் உள்ளே தங்கிய புகையை அது இழுத்துக்கொள்கிறது, இரண்டு வால்வும் சற்றே சேர்ந்து திறந்திருக்கும் அந்த இடைவெளியில் புதுக் காற்றும் கூடவே உள்ளே வருகிறது. நடப்பது இழுப்பு. துப்புரவு என்று எழுதினால் குழாயைக் கழற்றிக் கழுவுவதாகத்தான் மாணவர் நினைப்பார். இந்த இழுப்பு விளங்காததால்தான் பெரிய குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று நம்பிச் செலவு செய்கிறார்கள். குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் புகையின் வேகம் குறையும், எஞ்சின் மெதுவாகச் சுழலும் குறைந்த ஆர்.பி.எம்.மில் வண்டிக்கு இழுவையே இருக்காது.

அதனால்தான் 'ஈர்கழிப்பு' என்கிறேன். ஈர்த்துக் கழிப்பது, வினைத்தொகை. கழிதலையும் புகுதலையும் நன்னூலார் ஒரே நூற்பாவில் வைத்தார், புகுவால்வு, கழிவால்வு என்று முந்தைய பாடத்திலேயே எழுதியாயிற்று.

> ஈர் என்றால் இரண்டு. இருமுறை கழிப்பது என்றாகாதா?

ஆகாது. உயிரெழுத்துக்கு முன்தான் இரண்டு 'ஈர்' ஆகும்: ஈராயிரம், ஈருடல். ககரத்துக்கு முன் 'இரு' என்றே வரும். கழிப்பறை நினைவு வரும் என்ற மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை; கழிமுகம் என்ற அழகான சொல்லும் 'கழி' என்றுதானே தொடங்குகிறது!

> ஹெட்டருக்குத் 'தூம்பு'. மலைபடுகடாம் பார்க்க.

பார்த்தேன். யானை மூச்சுவிடுவது போல ஒலிக்கும் தூம்பு! சைலன்சருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது, ஏரி மதகுக்கும் இச்சொல் உண்டு. ஆனால் தூம்பு ஒற்றைக் குழாய். ஹெட்டர் என்பதோ ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகைக்குழாய்கள் ஒன்றுகூடும் அமைப்பு. 4-2-1 ஹெட்டரில் நான்கு குழாய்கள் இரண்டாகி ஒன்றாகின்றன. சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் முதலில் சேர்க்கிறார்கள், அப்போதுதான் ஒன்றின் வீச்சு மற்றொன்றின் மேல் மோதாமல் சீரான இடைவெளியில் வரும். கூடுவதுதான் அங்கே முக்கியம், ஆகவே 'கூடுகுழல்'. முக்கூடல் என்று ஊருக்கே பெயர் வைத்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

சைலன்சரை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'ஒலியடக்கி' போடச் சொல்பவர்களுக்கு: பட்டறையில் சைலன்சர் என்றால் எஞ்சினில் தொடங்கிப் பின்முனை வரை மொத்தமும். அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். ஒலியைக் குறைக்கும் பெட்டிக்கு மட்டும் ஒலியடக்கி என்கிறேன். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம், அது தனி இழை.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஈர்கழிப்புக்குச் சரி என்றிருக்கிறீர்கள், சிலர் களைப்பில் சொன்னதாகவே தெரிகிறது. 'புகைவாரல்' கேட்டவர் இன்னும் இறங்கி வரவில்லை, அவருடைய மறுப்பை அடிக்குறிப்பில் தருகிறேன். ஸ்கேவெஞ்சிங் என்ற ஒலிபெயர்ப்பு முதல் இடத்தில் மட்டும் கூடவே வரும்.

புகை வெளியேறுவதை எதிர்த்து நிற்கும் பேக் பிரஷருக்குப் 'பின்னழுத்தம்' எல்லோருக்கும் சம்மதம்தானே? 'எதிரழுத்தம்' என்று யாராவது தொடங்குவதானால் இன்றிரவே தொடங்குங்கள்.