பள்ளிக்கூடத்து முதல் நாளை வரைவது எப்படி: கைப்பழக்கத்தில் தெரிந்தவை

வீட்டிலேயே அம்மாவிடம் பாடம் படித்த பெண் ஹைஸ்கூல் வாசலை முதன்முதலாக மிதிக்கிற கதை வரைய வேண்டுமென்றால், கனடாக்காரர் ஃபெயித் எரின் ஹிக்ஸின் 'ஃப்ரெண்ட்ஸ் வித் பாய்ஸ்' (2012) படக்கதைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். கறுப்பு வெள்ளைதான். நாயகி மேகிக்கு மூன்று அண்ணன்கள், வீட்டை விட்டுப் போய்விட்ட அம்மா, பின்னாலேயே வரும் ஒரு பேய்.

புதிதாக வரைபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வராந்தாக் காட்சியில். தொடுவானக் கோட்டை, அதாவது படத்தைப் பார்ப்பவரின் கண் உயரத்தை, நாயகியின் கண் மட்டத்தில் வைத்துவிடுவார்கள். அவள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அதே கோட்டில் வந்து நிற்கும், கூட்டத்தில் அவள் கரைந்துபோவாள். கோட்டை அவள் இடுப்புக்கு இறக்குங்கள். கிட்டே வருகிறவர்களின் தலை படத்தின் மேல்விளிம்பைத் தாண்டிவிடும். "பயமா இருக்கு" என்று எழுதவே வேண்டாம்.

* * *

கோடு சரி, ஆனால் அதற்கு முன்னால் பக்கக் கணக்கு. ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைக் கிறுக்குங்கள், பக்கத்துக்கு ஆறு படத்துக்கு மேல் வேண்டாம். வகுப்புக் கதவில் கை வைப்பது வலப்பக்கத்தின் கடைசிப் படம். உள்ளே முப்பது முகம் திரும்பிப் பார்ப்பது, தாளைப் புரட்டியதும் வரும் இடப்பக்கம். நடுவில் ஆசைப்பட்டு ஒரே ஒரு பக்கம் சேர்த்தால் போச்சு: இடம் வலமாகிவிடும், கதவு திறப்பதற்குள் அந்த முப்பது முகமும் ஓரக்கண்ணில் பட்டுவிடும். சேர்ப்பதென்றால் இரண்டாகச் சேருங்கள்.

* * *

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. வசன பலூனை முதலில் வரைந்துவிட்டு வசனத்தைத் திணிக்காதீர்கள். 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதை ஒடிக்கவும் முடியாது, ஒடுக்கவும் முடியாது. 'போய்ட்டிருந்தேன்' என்றால் இடமும் மிச்சம், பள்ளிப் பிள்ளை பேசுகிற மாதிரியும் இருக்கும். வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் 'ஜூ' வாலும் கீழ்வரியின் 'கீ' கொண்டையும் முட்டிக்கொள்ளும்.

மை நன்றாகக் காயாமல் பென்சிலை அழித்தால் கறுப்பு சாம்பலாக இழுபடும். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). கணினியில் சாம்பல் நிறத்தைத் தனி லேயரில் (அடுக்கில்) போடுங்கள், கோட்டோடு கலந்தால் அச்சில் விளிம்பு பிசிறடிக்கும்.

அப்புறம் உடை. கனடாவின் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் சீருடை இல்லை, அதனால் சட்டையை வைத்தே ஆளைப் பிரித்துவிடலாம். நம் ஊர்ப் பள்ளியை வரைந்தால் அந்த வசதி கிடையாது; பின்னல், பை, நடை இவைதான் கை கொடுக்கும். நாயகிக்கு மட்டும் மாறாத ஒரு முழுக்கறுப்பு, உதாரணமாக பையில், கொடுத்துவிட்டால் நெரிசலிலும் கண் தேடிப் பிடிக்கும்.

* * *

ஹிக்ஸின் அந்தப் புத்தகத்தில் பேயின் கதை முடிச்சவிழாமலே நிற்கிறது என்று குறைபடுகிறவர்கள் உண்டு. அப்படியே விட்டதுதான் சரி என்பது என் கட்சி. அம்மா போனதற்கும் அங்கே முழுப் பதில் இல்லையே.

பேய் வரைகிறவர்கள் கவனிக்க: மெல்லிய கோடு, தரையில் நிழல் கிடையாது. ஒரு படத்தில் மறந்துபோய் நிழல் விழுந்தாலும், யாரோ டீச்சர் நிற்கிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.