கடலூர் – பாண்டி ரெண்டு ஆஃபீஸ்: டனல் வருது, ஆனா டேலி சர்வருக்கு பிங் போகல

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஹெட் ஆஃபீஸ் பாண்டி முதலியார்பேட்டைல, குடோன் கடலூர் மஞ்சக்குப்பத்துல. டேலி சர்வர் பாண்டில இருக்கு, குடோன் பில்ல இங்கருந்தே அதுல போடணும்னு முதலாளி சொல்லிட்டாரு, இல்லன்னா பென்டிரைவ எடுத்துக்கிட்டு தவளக்குப்பம் டிராஃபிக்ல நிக்கற வேலதான். ரெண்டு பக்கமும் மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கி வயர்கார்டு (ரெண்டு ஆஃபீஸ் நெட்வொர்க்கையும் இன்டர்நெட் வழியா சேக்கற விபிஎன் டனல்) போட்டாச்சு. பாண்டில ஸ்டேட்டிக் ஐபி, கடலூர்ல சிஜிநாட் (பல பேருக்கு ஒரே பப்ளிக் ஐபி, வெளியேருந்து நேரா உள்ள வர முடியாது), அதனால இங்கருந்துதான் கனெக்ட் ஆகுது.

பாண்டில லைன்காரங்க வெச்ச ஃபைபர் பாக்ஸ் 192.168.1.1, அது பின்னாடி மைக்ரோடிக் 192.168.1.2, டேலி சர்வர் 192.168.1.50. கடலூர்ல மைக்ரோடிக்தான் கேட்வே, 192.168.10.1.

ஹேண்ட்ஷேக் வருது, அதாவது டனல் ரெண்டு பக்கமும் பேசிக்குது. கடலூர் பிசிலேருந்து 1.2க்கு பிங் அடிச்சா பதில் வருது, 1.50க்கு அடிச்சா டைம்ட் அவுட். லைன்காரங்கள கேட்டா பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னே சொல்றாங்க. எங்க மாட்டுதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

லாஸ்பேட்டை_லேன்:
அண்ணே, நீங்க எழுதுனதுலயே பதில் கெடக்கு. கடலூர் பிசிலேருந்து 1.2 வரைக்கும் போய் பதிலும் வருதுன்னா டனல், அலவுடு அட்ரஸ் (டனல் வழியா போகலாம்னு குடுத்த ஐபி லிஸ்ட்), மைக்ரோடிக் ரெண்டுலயும் உள்ள ரூட்டு எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம், அதையெல்லாம் தொடாதீங்க. பாக்கெட் அநேகமா 1.50 வரைக்கும் போய்டுது, மாட்டறது திரும்பி வர்றப்பதான். சர்வரோட டீஃபால்ட் கேட்வே 1.1, அதுக்கு 192.168.10.0ன்னு ஒண்ணு கடலூர்ல இருக்கறதே தெரியாது, தெரியாதத எல்லாம் இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும், ப்ரைவேட் ஐபிய அங்க யாரும் சீந்த மாட்டாங்க.

ஃபைபர் பாக்ஸ்ல ஸ்டேட்டிக் ரூட் ஆப்ஷன் இருந்தா 192.168.10.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2ன்னு ஒரு லைன் போடுங்க. சந்தேகமா இருந்தா பாண்டி மைக்ரோடிக்ல டார்ச் (போற வர்ற டிராஃபிக்க காட்டற டூல்) ஓட விட்டு பாருங்க, ரிக்வெஸ்ட் லேன் பக்கம் போறது தெரியும், ரிப்ளை வராது.

ஓடி_துறைமுகம்:
காரணம் கரெக்ட். ஆனா ஃபைபர் பாக்ஸ்ல ரூட் போடறத நான் ஒத்துக்க மாட்டேன். கடலூர் பாக்கெட் 1.2லேருந்து நேரா சர்வருக்குப் போய்டும், ஒரே லேன்தான, பதில் மட்டும் 1.1 வழியா சுத்தும். கனெக்ஷன் ஆரம்பிச்சதையே பாக்காத பாக்ஸு நடுவுல பதில மட்டும் பாத்தா அதோட ஃபயர்வால் தூக்கிப் போட வாய்ப்பு இருக்கு, அப்புறம் அது வேற தலவலி.

சர்வர்லயே போடுங்க. கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினா திறந்து ரூட் ஆட், கூட மைனஸ் பி குடுக்கணும், இல்லன்னா ரீஸ்டார்ட் ஆனதும் காணாம போய்டும். நாளைக்கு பிரிண்டர், கேமரா டிவிஆர்னு ஒவ்வொண்ணா கேப்பாங்க, அப்ப பாக்ஸ பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேல பாக்காம லைன மட்டும் கடத்தற மோடு) மாத்தி மைக்ரோடிக்கையே கேட்வே ஆக்கிடுங்க, அதான் நிரந்தரம்.

அப்பவும் பிங் வரலன்னா டென்ஷன் ஆகாதீங்க, விண்டோஸ் ஃபயர்வால்ல பிங்குக்கும் ஷேரிங்குக்கும் உள்ள ரூல் லோக்கல் சப்நெட்னு மட்டும் இருக்கும், கடலூர் ஐபிய வெளியூர்க்காரன்னு வாசல்லயே நிறுத்திடும். அந்த ரூலோட ஸ்கோப்ல (எந்த ஐபிய உள்ள விடலாம்ங்கற லிஸ்ட்) 192.168.10.0/24, அதாவது கடலூர் நெட்வொர்க் முழுசையும் சேருங்க. ஃபயர்வால மொத்தமா ஆஃப் பண்ற வேலையெல்லாம் வேணாம். சிஜிநாட் பக்கம் கீப்அலைவ் (டனல் தூங்காம இருக்க அப்பப்ப அனுப்பற சின்ன பாக்கெட்) 25 செகண்ட் இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா கொஞ்ச நேரம் சும்மா கெடந்தா பாண்டிலேருந்து கடலூர தொட முடியாது.

வில்லியனூர்_வயர்:
இவ்ளோ எதுக்கு, பாண்டி மைக்ரோடிக்ல லேன் பக்கம் ஒரு மாஸ்கரேட் ரூல் (கடலூர் ஐபிய மறைச்சு 1.2ன்னு காட்டறது) போட்டா ரூட்டு, ஃபயர்வால் ரெண்டும் ஒரே அடில தீரும்.

ஓடி_துறைமுகம்:
தீரும். ஆனா சர்வர் லாக்ல எல்லாரும் 1.2ன்னே தெரிவாங்க, யாரு வந்தான்னு தேட முடியாது. அவசரத்துக்கு ஓகே.

கெடிலக்கரை:
சர்வர்ல ரூட் போட்டு ஸ்கோப்பும் சேத்தேன், பிங் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா டேலில கம்பெனி கணக்கு ஓப்பன் ஆகறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். டேட்டா ஃபோல்டர ஷேர் பண்ணி இங்க உள்ள டேலில பாத் குடுத்துருக்கேன். லைன் ரெண்டும் 100 எம்பி, அப்புறம் ஏன்?

லாஸ்பேட்டை_லேன்:
அது எம்பி கணக்கு இல்ல அண்ணே. ஃபைல் ஷேரிங்ல ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டு, பதில் வாங்கி, அப்புறம்தான் அடுத்தது. லேன்ல அது ஒரு மில்லி செகண்டுக்குள்ள முடியும், ரெண்டு லைனும் வேற வேற கம்பெனின்னா பாக்கெட் பெரும்பாலும் சென்னை போய் சுத்திட்டுதான் கடலூர் வரும், ரோட்டுல போனா அர மணி முக்கா மணிதான், கேபிள்ல இந்தக் கூத்து. நடுவுல லைன் கட்டானா டேட்டா கெடற ஆபத்து வேற.

ரிமோட் டெஸ்க்டாப்ல போங்க, டேலி பாண்டிலயே ஓடட்டும், ஸ்க்ரீன் மட்டும் இங்க வரும். ரிமோட் டெஸ்க்டாப்போட போர்ட் 3389 டனலுக்குள்ளயே இருக்கட்டும், ஃபைபர் பாக்ஸ்ல அத ஃபார்வர்டு பண்ணிடவே கூடாது. சர்வர்ல சாதா விண்டோஸ் ப்ரோவா? அதுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான், நீங்க நுழைஞ்சா அங்க உக்காந்திருக்கறவங்க ஸ்க்ரீன் லாக் ஆயிடும். ரெண்டு மூணு பேர்னா விண்டோஸ் சர்வரும் ஆர்டிஎஸ் (பல பேர் ஒரே நேரத்துல ரிமோட்ல வர்றதுக்கான) லைசன்சும் வேணும்.

கெடிலக்கரை:
ப்ரோதான். குடோன்ல பில் போடறது ஒருத்தர்தான், டேலி கோல்டு (பல பேர் ஒரே நேரத்துல போடற) லைசன்ஸ் இருக்கு, பாண்டில சும்மா கெடக்கற ஒரு பிசிய அவருக்குன்னு ஒதுக்கிட்டா ஆகுமா?

லாஸ்பேட்டை_லேன்:
தாராளமா. அந்த பிசிலயும் 10.0க்கு அதே ரூட்ட போட்டுடுங்க.