நாடகம், ஓவியம் வழியாகப் பாடம்: பலனை எப்படி அளப்பது?

வணக்கம். தொடக்கப் பள்ளியில் 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம், ஓவியம், தாளம் வழியாக அறிவியலும் கணக்கும் சொல்லித்தருகிறோம். அவர்களுடைய ஆர்வம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ஆர்வம் வேறு, கற்றல் வேறு. பாடம் உண்மையிலேயே மனதில் நிற்கிறதா என்று மதிப்பிட உங்கள் உதவி தேவை.

பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, முடிந்ததும் ஒன்று, சில வாரங்கள் கழித்து இன்னொன்று என்று யோசித்திருக்கிறோம். அந்த மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வழக்கமான முறையில் படிக்கும் இணை வகுப்பிலும் இதையே நடத்துவோம். சிக்கல் என்னவென்றால், அங்கே ஆசிரியர் வேறு. வித்தியாசம் தெரிந்தால் அது கலையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா? அடுத்த பாடத்தில் இருவரும் முறையை மாற்றிக்கொண்டால் போதுமா?

அப்புறம், எழுத்துத் தேர்வில் தடுமாறும் சில பிள்ளைகள் நடித்துக் காட்டும்போது அருமையாக விளக்குகிறார்கள். அதை விட்டுவிட மனமில்லை. இதற்கு மதிப்பெண் அளவுகோல் வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? 1966இல் வெளிவந்த டாரன்ஸ் சோதனை படைப்பாற்றலுக்கானது, பாடப் புரிதலைக் காட்டாது. ஒரே நடிப்புக்கு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், எங்கே அதிகம் வேறுபட்டீர்கள் என்று சொல்லுங்கள்.